ஏழு நாளில் ஒன்பது சாகசமா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்கு வயது 13, 16. விடுமுறையில் ஒரு வாரம் காரிலேயே சுற்றி வரலாம் என்றிருக்கிறோம். கடற்கரையில் தொடங்கி மலைக்குப் போவதாகத் திட்டம். ‘சும்மா இடம் பார்க்கிற டூர் என்றால் நான் வரவில்லை’ என்கிறான் பெரியவன். ஏழு நாளில் ஒன்பது சாகச விளையாட்டுகள் அடங்கிய பேக்கேஜ் ஒன்றைக் காட்டி, இந்த வாரத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். கட்டலாமா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

பதில்: கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒன்பது விளையாட்டு என்று கேட்கும்போது நிறையக் கிடைப்பது போலத்தான் இருக்கும். படகுச் சவாரி ஒரு மணி நேரம்தான். ஆனால் வரிசையில் நிற்பது, படிவம் நிரப்புவது, ஹெல்மெட் மாட்டுவது, நனைந்த துணியை மாற்றுவது என்று அரை நாள் போய்விடும். மீதி அரை நாள் அடுத்த ஊருக்கு ஓட்டம். எதையும் இரண்டாவது முறை செய்து பார்க்க நேரமே இருக்காது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ருசியே அந்த இரண்டாவது முறையில்தான் இருக்கிறது. பாறை ஏறப் போய்ப் பாதியில் பயந்து இறங்கி வந்த பிள்ளை, ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மறுநாள் காலையிலும் நீங்கள் அதே ஊரில் இருக்க வேண்டும். ஆகவே ஏழு நாளுக்கு இரண்டு விளையாட்டு, மிஞ்சினால் மூன்று. எந்த மூன்று என்று பிள்ளைகள் சொல்லட்டும்.

இப்போது அந்த ஏஜென்ட் விஷயம். பேக்கேஜ் விற்பவர் பெரும்பாலும் எதையும் நடத்துவதில்லை. அவர் உள்ளூரில் ஒருவரிடம் கொடுப்பார், அந்த ஒருவர் இன்னொருவரிடம் கொடுப்பார். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கமிஷன் நின்றுவிடும். கடைசியில் உங்கள் மகன் தொங்கும் கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்று ஏஜென்ட்டுக்கே தெரியாது. ஏதாவது நடந்தால், ‘நாங்கள் புக்கிங் மட்டும்தான் செய்தோம்’ என்று ஒதுங்கிவிடுவார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கியவருக்கு இன்னொரு அவசரமும் உண்டு. மழை பெய்தாலும், ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தாலும் நடத்தி முடித்துவிட வேண்டும். நிறுத்தினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமே. எனக்குப் பெரிய பயம் இதுதான். யார் நடத்துகிறார்கள், வானிலையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உரிமம், ஆய்வு எல்லாம் பார்க்க அரசாங்கம் இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்டுக்கு ஆய்வுச் சான்றிதழ் கேட்பார்கள். மனிதரைக் கம்பியில் தொங்கவிட்டு இந்த மலையிலிருந்து அந்த மலைக்கு அனுப்பும் இடத்தில் பல ஊர்களில் அதுகூட இருக்காது. விபத்து நடந்தால் சில நாள் மூடி வைப்பார்கள், பிறகு வேறு போர்டு மாட்டித் திறந்துவிடுவார்கள். எத்தனை முறை எழுதினாலும் இதில் ஒன்றும் மாறவில்லை. அதனால் சோதிக்கிற வேலையை நீங்களேதான் செய்தாக வேண்டும்.

உதாரணத்துக்கு லைஃப் ஜாக்கெட். பிள்ளைக்கு அதைப் போட்டு எல்லா வாரையும் இறுக்கிய பிறகு, இரண்டு தோள் வாரையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறி வந்தால் அது பெரிய சைஸ். தண்ணீரில் விழுந்தால் முகத்தை மூடிக்கொள்ளும், சில சமயம் கழன்றே போய்விடும். வேறு சைஸ் இல்லை என்றால் அன்றைக்குப் படகு கிடையாது. ஆற்றுப் படகுச் சவாரி எவ்வளவு கடினம் என்பதை 1 முதல் 6 வரை கிரேடு போட்டுச் சொல்வார்கள். முதல் முறை போகும் பிள்ளைகளுக்கு 3-க்கு மேல் வேண்டாம். தண்ணீர் கூடினால் அதே இடத்தின் கிரேடும் ஏறலாம், எனவே இன்றைய கிரேடு என்ன என்று கேளுங்கள். ‘அதெல்லாம் ரொம்ப சேஃப்’ என்று மட்டும் பதில் வந்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால், சாகச விளையாட்டு அதில் சேருமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரமாக வையுங்கள். நிறைய பாலிசிகளில் சேராது. அதைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் எங்கோ அச்சடித்திருப்பார்கள்.

அடுத்து நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் திட்டம் கடலில் தொடங்கி மலைக்குப் போகிறது. ஏஜென்ட்டின் ஒன்பதில் ஸ்கூபா டைவிங் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காலையில் கடலுக்குள் மூழ்கிவிட்டு அன்று மாலையே மலை ஏறக் கூடாது. சிலிண்டர் மாட்டி ஆழத்தில் மூச்சு விடும்போது, தண்ணீரின் அழுத்தத்தால் நைட்ரஜன் கூடுதலாக ரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் காற்றழுத்தம் குறைந்து, அது உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடலாம். சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குகிறதே, அதே கதைதான். மூட்டு வலி, மரத்துப்போவது, தலைசுற்றல் என்று தொடங்கி விபரீதமாகவும் போகலாம். விமானத்தில் ஏறக் கூடாது என்று டைவிங் பள்ளிகள் சொல்லித்தருவார்கள். மலைப்பாதையில் கார் ஏறுவதும் அதே கணக்கில்தான் வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. சுமார் 600 மீட்டருக்கு மேல் ஏறுவதென்றால் இதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் மணிக்கணக்கு பார்க்காமல் ஒரு முழு நாள் கடற்கரையிலேயே இருந்துவிடுங்கள். இல்லையென்றால் பயணத்தைத் திருப்பிப் போட்டு, மலையை முதலிலும் கடலைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடே மலைமேல் இருந்தால் மட்டும் அப்போதும் ஒரு நாள் காத்திருந்து கிளம்ப வேண்டும். சிலிண்டர் இல்லாமல் மேலோட்டமாக மிதந்து மீன் பார்ப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

சரி, தூரம். கிலோமீட்டரை விடுங்கள், மணி நேரத்தைப் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேர ஓட்டம் போதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். ‘விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் ரோடு காலியாக இருக்கும்’ என்று யாராவது சொல்வார்கள். ரோடு காலியாகத்தான் இருக்கும். ஆனால் உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரமும் அதுதான், ஓட்டுபவர் கண் அசரும் நேரமும் அதுதான். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவர்களுக்கு இரவில் தூக்கம் வருவதும் தாமதமாகத்தான். அது சோம்பேறித்தனம் இல்லை, அந்த வயதின் உடற்கடிகாரம் அப்படி. நாலு மணிக்கு எழுப்பி உட்கார வைத்துவிட்டு, பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறதே என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. எட்டரை, ஒன்பதுக்குக் கிளம்புங்கள்.

கிளம்பும் முன் டயர்களைப் பார்க்கும் வேலையைப் பெரியவனிடம் கொடுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் அவன் படித்துச் சொல்லட்டும். வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டவும் இருவருக்கும் கற்றுக்கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏழில் ஒரு நாளைப் பெரியவனிடமும் ஒரு நாளைச் சின்னப் பிள்ளையிடமும் முழுசாகக் கொடுத்துவிடுங்கள். வழி, செலவு, சாப்பாடு, எங்கே நிற்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. சிக்னல் கிடைக்காத இடத்துக்காக மேப்பை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்றைக்கு வழி சொல்பவர் முன் சீட்டில் உட்காரட்டும். வளைவுகளில் மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி வரும். நிபந்தனை இரண்டே இரண்டு: நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் கூடாது, இருட்டும் முன் தங்குமிடம் போய்ச் சேர வேண்டும். மற்றபடி அவர்கள் தவறான பக்கம் திருப்பினாலும் நீங்கள் வாய் திறக்காமல் ஓட்டுங்கள்.