தமிழ்வழியில் படித்த பெண் இன்டர்நேஷனல் பள்ளியில் சமாளிப்பாளா?

“மகள் தமிழ்வழியில் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வேலை மாற்றலில் பாங்காக் போகிறோம். அங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். சமாளிப்பாளா? இப்போதே வீட்டில் ஆங்கிலத்தில் பேச ஆரம்பிக்கட்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சமாளிப்பாள். ஆனால் வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். பாங்காக்கில் ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில், ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகளுக்கான துணை வகுப்பு எடுக்கிறேன். இ.ஏ.எல். என்பார்கள். கொரிய, ஜப்பானியப் பிள்ளைகள்தான் அதிகம்; அவ்வப்போது நம் ஊர்ப் பிள்ளைகளும் வருவார்கள்.

முதலில் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட, வாயே திறக்க மாட்டார்கள். அது இயல்புதான். காதில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் கேண்டீனில், மைதானத்தில் பேச்சு வந்துவிடும். பெற்றோரும் பள்ளியும் ஏமாந்துபோகிற இடம் இதுதான். பேசுகிற ஆங்கிலம் வேறு, பாடம் படிக்கிற ஆங்கிலம் வேறு என்று கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே பிரித்துக் காட்டினார். முதலாவதற்கு இரண்டு வருடம் போதும். இரண்டாவதற்கு ஐந்திலிருந்து ஏழு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்பது அவர் கணக்கு. “நன்றாகப் பேசுகிறாளே” என்று துணை வகுப்பை நிறுத்திவிட்டு, பிறகு மதிப்பெண் இறங்கியதும் “அறிவியலில் வீக்” என்று எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆத்திரமாக வரும்.

வகுப்பில் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். இலையைச் சூடான ஆல்கஹாலில் போட்டுப் பச்சையத்தை எடுத்துவிட்டு, அயோடின் விட்டால் கருநீலமாகும். ஸ்டார்ச் இருக்கிறது என்று அர்த்தம். தமிழ்வழிப் பிள்ளைக்கு இது ஏன் என்று அத்துப்படியாகத் தெரியும். ஆனால் ரிப்போர்ட்டில் “லீஃப் இஸ் ப்ளூ” என்று ஒரே வரி. அதே பிள்ளையிடம் “முதலில் தமிழில் எழுது, படம் போட்டுப் பாகம் குறி” என்றால் ஒரு பக்கம் நிரம்பிவிடும். அதை வைத்துக்கொண்டு, ‘ஏனென்றால்’, ‘இதனால்’ என்று வாக்கியங்களைக் கோக்கிற ஆங்கிலத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். பாடம் தமிழில் வலுவாக இருக்கிற பிள்ளைக்கு வேலை பாதிதான். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்ல மாட்டேன் என்பது இதனால்தான். பாடத்தை அவளோடு தமிழில் பேசுங்கள், ஊரிலிருந்து தமிழ்ப் பாடநூல்களையும் எடுத்து வாருங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது “இ.ஏ.எல். உண்டா?” என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். அறிவியல், சமூக அறிவியல் வகுப்புக்குள்ளேயே துணை ஆசிரியர் வருவாரா, இல்லை அவளை வெளியே கூட்டிப்போவார்களா? வெளியே என்றால் எந்தப் பாடத்தை இழப்பாள்? துணை வகுப்பை எதைப் பார்த்து நிறுத்துவார்கள்? பேச்சைப் பார்த்தா, எழுத்தைப் பார்த்தா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத பள்ளியில் நான் சேர்க்க மாட்டேன். கட்டணமும் கேளுங்கள், பல பள்ளிகளில் இதற்குத் தனியாக வாங்குகிறார்கள்.

தேர்வு பற்றிய கவலை இப்போது வேண்டாம். பத்தாம் வகுப்பு அளவில் வரும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எழுதத் தனித் தாள் இருக்கிறது. பிளஸ் டூ அளவில் வரும் ஐ.பி. டிப்ளமோ என்றால், பள்ளியில் தமிழ் ஆசிரியர் இல்லாவிட்டாலும், பள்ளியின் மேற்பார்வையில் தமிழ் இலக்கியத்தைத் தானே படித்து ஸ்டாண்டர்ட் லெவலில் (இரண்டு நிலைகளில் எளிதானது) எழுத வழி உண்டு. அதோடு ஆங்கிலத்தையும் முதல்மொழிப் பாடமாக எடுத்து, இரண்டிலும் ஏழுக்குக் குறைந்தது மூன்று வாங்கினால் இருமொழி டிப்ளமோ கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி ஒருங்கிணைப்பாளர் காதில் இதைப் போட்டு வையுங்கள்.