கரன்ட் பதிப்பு ஹேங் ஆகிறதா? பவர் பட்டனைத் தொடாதீர்கள்

யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் வளர்ச்சிக் கிளை கரன்ட் பதிப்பு. அதை ஓட்டுபவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலிருந்தும் ஜோகனஸ்பர்க், கேப்டவுனிலிருந்தும் அனுப்பிய கேள்விகளில், ஹேங் (மிஷின் அப்படியே உறைந்து நிற்பது) பற்றியவை மட்டும் இங்கே, கேட்டவரின் ஊர்ப்பெயரோடு. கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டில் சந்தேகம் வந்தால் மேன் பக்கத்தை (கூடவே வரும் கையேட்டை) பாருங்கள்.

சாட்ஸ்வர்த்: வாரத்துக்கு ஒரு தடவை மிஷின் அப்படியே நின்றுவிடுகிறது. பவர் பட்டனை அழுத்தி அணைத்துப் போடுகிறேன். பதிவுகளில் ஒன்றுமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பட்டனை அழுத்துவதை நிறுத்துவதிலிருந்து. ஹேங் ஆன நேரத்தில் நினைவகத்தில் இருப்பதுதான் உங்களுக்குள்ள ஒரே சாட்சி. மின்சாரத்தை வெட்டினால் அதுவும் போச்சு.

எவ்வளவு ஆழமான ஹேங் என்று முதலில் பாருங்கள். வேறொரு மிஷினிலிருந்து பிங் அடியுங்கள். பிங்குக்குப் பதில் வருகிறது, எஸ்எஸ்எச் மட்டும் உள்ளே விடவில்லை என்றால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, உயிரோடு இருக்கிறது. ஏதோ ஒரு பூட்டுக்காகவோ (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் லாக்) வட்டுக்காகவோ மற்றவை வரிசையில் நிற்கின்றன. அப்படியானால் பேசாமல் அரை மணி நேரம் விட்டுவையுங்கள். கரன்ட்டோடு வரும் வழக்கமான ஜெனெரிக் கெர்னலில் டெட்எல்கேரெஸ் என்றொரு த்ரெட் 3 வினாடிக்கு ஒருமுறை எல்லா த்ரெட்களையும் பார்த்து வருகிறது. மியூடெக்ஸ் போன்ற பூட்டில் எதுவும் 900 வினாடிக்கு மேல் மாட்டிக்கொண்டாலும், எஸ்எக்ஸ் போல தூங்கவிடும் பூட்டில் 1800 வினாடிக்கு மேல் கிடந்தாலும், அதுவே பேனிக் அடித்து (கெர்னலை வேண்டுமென்றே நிறுத்தி) டீபக்கரில் இறக்கிவிடும். பத்தாவது நிமிடத்திலேயே அணைத்துவிடுபவர்களுக்கு இந்த உதவி கிடைப்பதே இல்லை.

காத்திருக்க முடியாதென்றால் கன்ட்ரோல்+ஆல்ட்+எஸ்கேப் அடித்து நீங்களே டீபக்கருக்குள் போங்கள். எக்ஸ் (வரைகலைத் திரை) முன்னால் இருக்கும்போது இந்த விசைகள் கெர்னலுக்குப் போய்ச் சேராது. ஆகவே ஹேங்கை வரவழைக்கும் வேலையைத் தொடங்கிவிட்டு, கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்1 அடித்து எழுத்துக் கன்சோலுக்கு வந்து உட்காருங்கள். கெர்னலின் டீபக்கரான டிடிபியின் ப்ராம்ப்ட் வந்ததும் இந்த வரிசையில் கேளுங்கள்: ஷோ ஆல்லாக்ஸ், ஷோ ஆல்செயின்ஸ், ஷோ லாக்ட்விநோட்ஸ், பிஎஸ், கடைசியாக ஆல்ட்ரேஸ். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்தால் போதும். ஷோ ஆல்செயின்ஸ் தான் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற சங்கிலியைக் காட்டும். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பிறகு டம்ப் (நினைவகத்தை வட்டில் எழுதிவைப்பது), அப்புறம் ரீசெட்.

டம்ப் எழுத இடம் வேண்டும். ஆர்சி.கான்ஃபில் டம்ப்டெவ் மதிப்பு ஆட்டோ என்று இருக்கட்டும். ஸ்வாப் உண்மையான பார்ட்டிஷனாக இருக்க வேண்டும். இசட்வால் (இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்குள் உருவாக்கிய மெய்நிகர் வட்டு) மேல் வைத்த ஸ்வாப்பை இதற்கு நம்பாதீர்கள். எல்லாம் சரியா என்பதை ஹேங் வருமுன்பே சோதித்துவிடுங்கள்: திறந்த கோப்புகளைச் சேமித்து, இருமுறை சிங்க் கொடுத்து, சிஸ்சிடிஎல் டீபக்.கேடிபி.பேனிக்=1 என்று அடித்தால் மிஷின் வேண்டுமென்றே விழும். மறுபடி எழுந்ததும் வார்/கிராஷ் அடைவில் விஎம்கோர்.0 இருக்கிறதா பாருங்கள். அந்த டம்ப்பை எழுதிய அதே கெர்னலை அழிக்காமல் வையுங்கள், இல்லாவிட்டால் டம்ப்பைப் பிரித்துப் பார்க்கும் கேஜிடிபி அதைச் சரியாகப் படிக்காது.

பிங்கும் இல்லை, கன்சோலில் கேப்ஸ்லாக் விளக்கும் மாறவில்லை என்றால் விசைப்பலகையை நம்பிப் பயனில்லை. சர்வர் போர்டு என்றால் ஐபிஎம்ஐ (தொலைவிலிருந்து வன்பொருளைக் கையாளும் வசதி) வழியாக சேஸிஸ் பவர் டயக் கொடுத்து என்எம்ஐ (தடுக்க முடியாத குறுக்கீடு) அனுப்பலாம். அது குறுக்கீடுகளை முடக்கிவிட்ட கெர்னலையும் எட்டும். சாதாரண மேசைக் கணினியில் அந்த வசதி இராது. மிஷின் பதில் தராவிட்டால் செயல்படும் வாட்ச்டாக் போடலாம், ஆனால் வன்பொருள் வாட்ச்டாக் மிஷினை ரீசெட் செய்யுமே தவிரச் சாட்சி எதையும் விட்டுவைக்காது.

லெனேசியா: கெர்னலைப் புதுப்பித்த பிறகு பூட் ஆகும்போதே திரை கறுத்து நின்றுவிடுகிறது. இன்டெல் கிராஃபிக்ஸ்.

கிராஃபிக்ஸ் டிரைவர் மாட்யூலான டிஆர்எம்-கேமாட் பழைய கெர்னலுக்குக் கட்டப்பட்டது என்பதில் எனக்கு அதிகம் சந்தேகமில்லை. கரன்ட்டில் கெர்னலின் உள் அமைப்புகள் எந்த வாரமும் மாறலாம். பேக்கேஜாக வரும் மாட்யூல் அதே வேகத்தில் வராது. லோடர் மெனுவில் 2 அழுத்தி சிங்கிள் யூசருக்குப் போங்கள். மவுன்ட் -யூ / கொடுத்து, ஆர்சி.கான்ஃபின் கேஎல்டி_லிஸ்ட் வரியிலிருந்து ஐ915கேஎம்எஸ்ஸை எடுத்துவிட்டுச் சாதாரணமாக எழுப்புங்கள். பிறகு புதிய கெர்னலின் மூலநிரலை வைத்தே போர்ட்ஸிலிருந்து மாட்யூலைக் கட்டுங்கள். கிராஃபிக்ஸ்/டிஆர்எம்-கேமாட் வெறும் மெட்டாபோர்ட்; அது இழுத்துவரும் உண்மையான மாட்யூல் போர்ட்டின் பெயரை மேக்.கான்ஃபில் போர்ட்ஸ்_மாட்யூல்ஸ்= என்பதற்குப் பின்னால் எழுதினால், இனி கெர்னலோடு சேர்ந்தே அது கட்டப்படும். இந்த மாட்யூலை லோடர்.கான்ஃபில் போடாதீர்கள். அங்கே போட்டால் சிங்கிள் யூசரிலும் அது ஏறிவந்து அதே கறுப்புத் திரையைக் காட்டும்.

இசிப்பிங்கோ: மவுஸ் நகர்கிறது, ஆனால் எல்எஸ் அடித்தால் கூட இரண்டு மூன்று நிமிடம் எதுவும் வருவதில்லை. பிறகு தானாகச் சரியாகிறது. இசட்எஃப்எஸ் பிழையா?

தானாகச் சரியாவது டெட்லாக் (பூட்டுகள் ஒன்றுக்கொன்று காத்து நிரந்தரமாக நிற்பது) இல்லை. வட்டைச் சந்தேகியுங்கள். சாட்டா வட்டுக்கு ஒரு கட்டளையின் காலக்கெடு 30 வினாடி, தோற்றால் இன்னும் 4 முயற்சி. மொத்தம் இரண்டரை நிமிடம். உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதல்லவா?

நிற்கும் கட்டளையின் மேலேயே கன்ட்ரோல்+டி அடியுங்கள். சதுர அடைப்புக்குள் வரும் சொல்தான் அது எதற்காகக் காத்திருக்கிறது என்பது. இன்னொரு முனையத்தில் வட்டுகளின் வேலையைக் காட்டும் ஜிஸ்டாட் -பி: வட்டு 100 சதவீதம் வேலையாக இருந்தும் படிப்பும் எழுத்தும் பூஜ்யம் என்றால் தீர்ப்பு கிடைத்துவிட்டது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் கேம் ஸ்டேடஸ், கமாண்ட் டைம்அவுட் என்ற வரிகளும் இருக்கும். வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ கொடுத்து 5, 197, 198 எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள். அவை ஏறினால் வட்டை மாற்ற வேண்டும். 199 மட்டும் ஏறினால் வட்டு நல்லது, கேபிள்தான் கெட்டது. கடலோர உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கும், 199இன் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வட்டு நின்ற பிறகு கருவிகளை ஏற்றவே முடியாமல் போகும். ரூட் ஷெல் ஒன்றைத் திறந்து வைத்து, புரோக்ஸ்டாட், ஜிஸ்டாட் இரண்டையும் முன்கூட்டியே ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அவை நினைவகத்தில் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு புரோக்ஸ்டாட் -கேகே -ஏ ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ப்ராசஸ்களின் கெர்னல் ஸ்டாக்கையும் கொட்டும்.

பீனிக்ஸ்: லோட்ஷெடிங்கில் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் சில சமயம் ஹேங், சில சமயம் ரீபூட். ஸ்டேபிள் பதிப்புக்குத் திரும்பட்டுமா?

திரும்பினாலும் தொடரும். ஏடிஎக்ஸ் மின்வழங்கி உள்ளீடு இல்லாமல் தாங்குவது சுமார் 16 மில்லிசெகண்ட். இங்கே வீடுகளில் மாட்டும் 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் ஏபிஎல், யூபிஎஸ் என்று இரண்டு அமைப்புகள் உண்டு. ஏபிஎல் என்றால் மாறுவதற்கு 20 மில்லிசெகண்ட் வரை ஆகலாம்; யூபிஎஸ் என்றால் 10. பெரும்பாலும் மெனுவில் 03ஆம் எண். மாற்றிப் பாருங்கள். அதற்குப் பின்னும் நடந்தால் மெம்டெஸ்ட்86+ ஐ ஒரு ராத்திரி முழுக்க ஓட்டுங்கள்; டிமெசேஜில் எம்சிஏ என்று தொடங்கும் வரி ஒன்று வந்தாலே வன்பொருள்தான்.

டொங்காட்: "லாக் ஆர்டர் ரிவர்சல்" என்று கன்சோலில் வருகிறது. இதுதான் ஹேங்குக்குக் காரணமா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு பூட்டுகள் ஒருமுறை ஒரு வரிசையிலும் மறுமுறை எதிர் வரிசையிலும் எடுக்கப்பட்டன என்று கெர்னலுக்குள் பூட்டு வரிசையைக் கண்காணிக்கும் விட்னஸ் சொல்கிறது, அவ்வளவுதான். பல பழையவை, தீங்கற்றவை. ஹேங்குக்குச் சற்று முன் வந்து, அதே இரண்டு பூட்டுகள் ஷோ ஆல்லாக்ஸிலும் தென்பட்டால் மட்டும் பொருட்படுத்துங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: ஹேங் இல்லை, எல்லாமே மெதுவாக இருக்கிறது.

விட்னஸும், கெர்னலின் உள் சரிபார்ப்புகளான இன்வேரியன்ட்ஸும் வாங்கும் விலை அது. அவை இல்லாத ஜெனெரிக்-நோடீபக் கெர்னலைக் கட்டி, கோடிர்=/பூட்/கெர்னல்.நோடீபக் என்று தனி அடைவில் நிறுவுங்கள். லோடர் மெனுவில் இரண்டும் தெரியும். அன்றாட வேலைக்கு இது, வேட்டைக்கு அது.

கேப்டவுன்: இரண்டு மாதத்துக்கு முன்பிருந்த கெர்னலில் ஹேங் வராது, இப்போது வருகிறது. எந்த மாற்றம் கெடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்டை, கிட் பைசெக்ட் ஸ்டார்ட் -- சிஸ் என்று தொடங்கி, நல்ல கமிட்டையும் கெட்ட கமிட்டையும் சொல்லுங்கள். சிஸ் அடைவோடு நிறுத்தினால் கெர்னலைத் தொட்ட கமிட்கள் மட்டும் கணக்கில் வரும். 1000 கமிட் இருந்தாலும் 10 சுற்றில் முடியும். பெக்டில் கிரியேட் கொடுத்துத் தனி பூட் சூழலில் செய்யுங்கள். அதில் யூசர்லேண்டை (கெர்னல் தவிர்த்த மற்ற நிரல்களை) பழைய நல்ல கமிட்டிலேயே வையுங்கள். பழைய யூசர்லேண்ட் புதிய கெர்னலில் ஓடும், மறுதலைக்கு உத்தரவாதம் இல்லை. பில்ட்கெர்னலுக்கு -டிகெர்ன்ஃபாஸ்ட் சேர்த்தால் நேரம் மிச்சம். கட்டவே முடியாத கமிட் வந்தால் பைசெக்ட் ஸ்கிப்.

இங்கே கெடுப்பது அவசரம்தான். ஹேங் சராசரியாக 3 நாளைக்கு ஒருமுறை என்றால், ஒரு நாள் ஓடியதைப் பார்த்து "நல்லது" என்று குறித்துவிடாதீர்கள். குறைந்தது 9 நாள் ஓட விடுங்கள். "கெட்டது" என்பதற்கு ஒரே ஒரு ஹேங் போதும். ஒரு தவறான "நல்லது" விழுந்தால் மீதிச் சுற்றுகள் அத்தனையும் தப்பான பாதியில் தேடும். ஆகவே ஹேங்கைச் சீக்கிரம் வரவழைக்கும் சுமை ஒன்றை, உதாரணமாக முழு இயங்குதளத்தையும் கட்டும் பில்ட்வேர்ல்டைச் சுழற்சியில் ஓடவிடுவதை, முதலில் கண்டுபிடியுங்கள். கமிட் கிடைத்ததும் பிழைப் பதிவேடான பக்ஸில்லாவில் அதன் ஹேஷ், யூநேம் -ஏ வெளியீடு, டிடிபி படங்கள், அந்தச் சுமையைக் கிளப்பும் கட்டளை ஆகிய நான்கையும் சேர்த்துப் பதியுங்கள்.