லூபஸ் கிட்னி பாதிப்போடு டிஸ்சார்ஜ் ஆனவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நர்ஸ் வைக்க வேண்டுமா?

நாங்கள் வைக்கவில்லை. லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். தங்கைக்கு 23 வயதில் அது சிறுநீரகத்துக்குப் பரவியது. தண்டையார்பேட்டையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் நர்ஸ் வந்தால் உட்காரக்கூட இடமில்லை. ஆனால் அந்த வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும். நான் செய்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று வார்டு சிஸ்டர் ஒரு நோட்டு போடச் சொன்னார். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்ததும் வெறும் வயிற்றில் எடை, அப்புறம் பிபி. "ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்லம்மா, நீர்" என்றார். கண் இமையோ காலோ வீங்கினாலும், சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றாலும் அடுத்த ரெவ்யூ வரை காத்திருக்கக் கூடாது.

எங்களுக்குச் சோதனை வந்தது அவள் தேறிய பிறகுதான். ஸ்டீராய்டால் முகம் உருண்டையாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா "என்னடி, இப்படி ஊதிட்ட?" என்று கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து தங்கை அந்த ஸ்டீராய்டு மாத்திரையை, பிரட்னிசோலோனை, யாருக்கும் தெரியாமல் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறாள். பிபி ஏறியதும் அட்டையில் மீதி மாத்திரையை எண்ணினேன், மாட்டிக்கொண்டாள். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போகும்போது உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அன்றிலிருந்து நோட்டில் மாத்திரைக் கணக்கும் உண்டு.

உப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கருவாட்டை விடுவது அவளுக்கு மாத்திரையைவிடக் கசந்தது. ஊறுகாய், அப்பளமும் போயின. பழம், இளநீர் விஷயத்தில் எங்கள் இஷ்டத்துக்கு முடிவெடுக்கவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துத்தான் டாக்டர் சொன்னார். மூட்டு வலிக்கிறது என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை போகும்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே ஆஸ்பத்திரிதான், கஷாயம் இல்லை.

இன்னொன்று, வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை: நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரையான மைக்கோஃபினோலேட்டைச் சாப்பிடும்போதும், நிறுத்திக் குறைந்தது ஆறு வாரம் ஆகும்வரையும் கர்ப்பம் கூடாது, கருவைப் பாதிக்கும். வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தால் முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

நர்ஸ் எப்போது வேண்டும் என்றால், எழுந்து நடக்க முடியாதபோது, ஆறாத புண் இருக்கும்போது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டிருந்தால் அதன் மேலுள்ள பேண்டேஜை வீட்டில் பிரிக்காதீர்கள். நனைந்துவிட்டால் டயாலிசிஸ் யூனிட்டுக்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள்.