கையில் காசு குறைவு, ராஜஸ்தானின் பாலைவன நகரமான ஜெய்சல்மேரைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். 1156-இல் மன்னர் ராவல் ஜெய்சல் எழுப்பிய கோட்டைக்குள் நுழையக் கட்டணமே கிடையாது. இன்றும் மக்கள் குடியிருக்கும் இடம் அது. உள்ளே அரண்மனை அருங்காட்சியகம் போன்ற சில இடங்களுக்குத்தான் டிக்கெட். வெயில் ஏறுமுன் சந்துகளில் நடந்து பாருங்கள்: மஞ்சள் மணற்கல்லில் சரிகை நெய்ததுபோல் செதுக்கிய ஜன்னல்கள், வீட்டுச் சுவர்களில் கல்யாணத் தேதியோடு வரைந்த பிள்ளையார். கோட்டைக்குக் கீழே பட்வா ஹவேலிகளின் (பழைய வணிகக் குடும்பத்தின் மாளிகைகள்) முகப்பைத் தெருவில் நின்றே ஆற அமர ரசிக்கலாம். அப்புறம் கடிசர் ஏரிக்கரை, அதுவும் இலவசம்.

தங்க மட்டும் கோட்டைக்கு வெளியே அறை எடுங்கள். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. உள்ளே விடுதிகள் பெருகி, கழிவுநீர் அடிமண்ணில் கசிந்து, மதில்களே சரிந்திருக்கின்றன. போய்வர ஜோத்பூரிலிருந்து ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பே போதும்.