கேள்வி - பதில்: செவ்வகக் கணக்கில் எதை எக்ஸ் என்று வைப்பது?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சமன்பாட்டைக் கொடுத்தால் மளமளவென்று போட்டுவிடுகிறாள். ஆனால் "ஒரு செவ்வகத்தின் நீளம் அதன் அகலத்தின் இரு மடங்கை விட 3 மீட்டர் அதிகம், சுற்றளவு 48 மீட்டர், நீள அகலம் என்ன?" என்று வாக்கியமாக வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். எங்கிருந்து தொடங்கச் சொல்வது?

பதில்: படத்திலிருந்து. முதலில் ஒரு செவ்வகம் வரையட்டும், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, சூத்திரம் எதையும் அதுவரை தொட வேண்டாம். அப்புறம் கேள்வியைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். நீளம் எவ்வளவு என்பதை அகலத்தை வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள், அகலத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை கூட இல்லை. அப்படி எதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையோ அதற்குத்தான் எழுத்து வைக்க வேண்டும். இங்கே அது அகலம், அதை 'அ' என்று வைத்துக்கொள்வோம் (எக்ஸ் என்று வைத்தாலும் ஒன்றுதான்). நீளம் 2அ + 3. இரண்டையும் படத்தின் பக்கங்களில் எழுதிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

சுற்றளவு 48 என்றால் ஒரு நீளமும் ஒரு அகலமும் சேர்ந்து 24. அதாவது அ + 2அ + 3 = 24, 3அ = 21, அகலம் 7, நீளம் 17. பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இந்த 24-இல்தான். அவசரத்தில் நீளம் + அகலம் = 48 என்று எழுதிவிடுவார்கள், அகலம் 15, நீளம் 33 என்று அழகாக விடையும் வந்துவிடும். அந்தச் செவ்வகத்தைச் சுற்றி நடந்தால் 96 மீட்டர்! நான்கு பக்கத்தையும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

நீளத்தையே எழுத்தாக வைத்தால் தப்பா என்றால், இல்லை. நீளம் 'நீ' என்றால் அகலம் (நீ - 3)/2, அதிலும் 17-தான் வரும். ஆனால் பின்னத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: 20 மீட்டருக்கு 12 மீட்டர் தோட்டத்தைச் சுற்றி வெளிப்புறத்தில் ஒரே அகலத்தில் பாதை, பாதையின் பரப்பு மட்டும் 144 சதுர மீட்டர். பாதையின் அகலம் எனக்கு 4 மீட்டர் என்று வருகிறது, புத்தகத்தில் 2 என்று இருக்கிறது. என் சமன்பாட்டில் 4-ஐப் போட்டுப் பார்த்தாலும் சரியாகத்தான் வருகிறது. அச்சுப் பிழையா?

பதில்: புத்தகம் சொல்வது சரி. நீங்கள் (20 + அ)(12 + அ) = 384 என்று எழுதியிருப்பீர்கள், 240-உம் 144-உம் சேர்ந்து 384, அதுவரை சரி. ஆனால் பாதை தோட்டத்தின் இடப்பக்கமும் இருக்கிறது, வலப்பக்கமும் இருக்கிறது. வெளி நீளம் 20 + 2அ, வெளி அகலம் 12 + 2அ. பெருக்கிச் சுருக்கினால் அ² + 16அ - 36 = 0, காரணிப்படுத்தினால் (அ + 18)(அ - 2) = 0. பாதையின் அகலம் -18 ஆக இருக்க வழியில்லை, ஆக 2 மீட்டர்.

உங்கள் கேள்வி முக்கியமானது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தப்பான சமன்பாட்டுக்குக் கிடைத்த விடையை அதே சமன்பாட்டில் போட்டால் சரியாகத்தானே வரும்? விடையைக் கேள்வியில் போட்டுப் பார்க்க வேண்டும். 4 மீட்டர் பாதை என்றால் வெளிச் செவ்வகம் 28-க்கு 20, பரப்பு 560, அதில் தோட்டத்தின் 240 போனால் பாதைக்கு 320. கேட்டது 144. இதற்குப் பென்சில் கூட வேண்டாம், ஆனால் இந்த ஒரு பழக்கம் எத்தனையோ மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

கேள்வி: நீளம் அகலத்தை விட 4 அதிகம், பரப்பு 96. இருபடிச் சமன்பாடு இல்லாமல் போட முடியுமா?

பதில்: முடியும், அழகாகவே முடியும். அகலத்துக்கும் நீளத்துக்கும் நடுவில் இருக்கும் எண்ணுக்கு 'ந' என்று பெயர் வையுங்கள். அகலம் ந - 2, நீளம் ந + 2. பெருக்கினால் ந² - 4 = 96, ந² = 100, ந = 10. அகலம் 8, நீளம் 12. காரணி தேடும் வேலையே இல்லை. சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாபிலோனியர்கள் களிமண் பலகைகளில் செவ்வகக் கணக்குகளைப் போட்டதும் ஏறக்குறைய இதே வழியில்தான், கூட்டலில் பாதி, வித்தியாசத்தில் பாதி என்று எடுத்துக்கொண்டு. எக்ஸ், ஒய் எல்லாம் அவர்களிடம் கிடையாது, ஒவ்வொரு படியையும் வார்த்தையாலேயே எழுதி வைத்தார்கள்.

கேள்வி: சுற்றளவு 20, பரப்பு 30 என்று நானே ஒரு கணக்கு உருவாக்கினேன், விடையே வரவில்லை. ஏன்?

பதில்: அப்படி ஒரு செவ்வகமே இல்லை. நீளமும் அகலமும் சேர்ந்து 10. அவை 5 + ந, 5 - ந என்றால் பரப்பு 25 - ந². எதுவும் கழியாமல் இருந்தால், அதாவது சதுரமாக இருந்தால்தான் 25, அதற்கு மேல் போகாது. பரப்பை 24 என்று மாற்றிப் பாருங்கள், 6-உம் 4-உம் கிடைக்கும்.