கொள்ளுத்தாத்தா காலத்துப் பத்திரத்தில் உள்ள கையெழுத்தை எப்படிப் படிப்பது?

உங்களுடையதும் புள்ளி வைக்காமல், சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் எழுதிய பத்திரமாகத்தான் இருக்கும். நான் கல்வெட்டு அறிஞன் இல்லை, ஒரே ஒரு பத்திரத்தோடு மல்லுக்கட்டியவன். சுவடி படிப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

தாத்தாவின் அண்ணன் சீட்டாடியே ஆற்றங்கரை நஞ்சையைத் தொலைத்தார் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கல்யாண வீடுகளில்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நிலத்தை வாங்கியவரின் வாரிசு ஒருவர் பழைய கிரயப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பதிவாகாத பத்திரம், அதனால் ஆங்கிலத் தேதி எங்கும் இல்லை. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘உயஎ’ என்று ஏதோ எழுத்து. அது தமிழ் எண், இருபத்தேழு. மாதம் தை, வருஷம் தாது.

தாது அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும். “1936தான், பெரியவர் விற்றதுதான்” என்று பெரியப்பா மகன் அடித்துச் சொன்னான். முத்திரைத்தாளில் விக்டோரியா ராணியின் தலை இருக்கிறதே! ராணி இறந்தது 1901இல். ஆக இது 1876இல் தொடங்கிய தாது, பெரும் பஞ்சம் வந்த வருஷம். தை என்றால் 1877 ஜனவரி, பிப்ரவரி. பெரியவர் அப்போது பிறக்கவே இல்லை. விற்றது அவருடைய தாத்தா, ‘சர்க்கார் கிஸ்திக்காகவும் குடும்பச் செலவுக்காகவும்’. கிஸ்தி என்றால் நிலவரி.

அந்த வரியைப் படிக்க முடிந்ததற்குக் காரணம், பத்திரங்களில் வாசகம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ‘எழுதிக்கொடுத்த கிரய சாசனம் என்னவென்றால்’ என்பதை முதலில் தேடிப் பிடியுங்கள். தெரிந்த சொற்கள் என்பதால், எழுதியவர் எந்த எழுத்தை எப்படிச் சுழிக்கிறார் என்பது அங்கேயே பிடிபட்டுவிடும். ரகரமும் கால் குறியும் ஒரே மாதிரி இருக்கும், எகரம் ஏகாரம் வித்தியாசமும் கிடையாது. அதனால் வாய்விட்டுப் படியுங்கள், காது திருத்திக் கொடுக்கும். பெயர்கள் மட்டும் அப்படிச் சிக்காது. அவற்றை நான்கெல்லையில் வரும் பக்கத்து நிலக்காரர்களின் பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பங்காளிகளாகத்தான் இருப்பார்கள்.

பங்காளிகள் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய பத்திரம் தேடுகிறேன் என்று தெரிந்ததுமே ஒரு வீட்டில் எனக்குக் காபி நின்றுபோனது. வழக்குப் போடப் போகிறேனாம்! போன மாதம் காதுகுத்துக்கும் அழைப்பு இல்லை. சீட்டாட்டக் கதையை மட்டும் அங்கே இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.