காஸ்பரோவ் – டீப் ப்ளூ போட்டியைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்களே, எதை நம்புவது?

சொல்பவர் எந்தப் பக்கம் இருந்தார், எந்த வருடம் சொன்னார், இந்த இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன். 1997 மே மாதம் நியூயார்க்கில், அப்போதைய உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவுக்கும் ஐபிஎம் உருவாக்கிய செஸ் கணினி டீப் ப்ளூவுக்கும் நடந்த 6 ஆட்டங்களில் டீப் ப்ளூ 3.5–2.5 என்று வென்றது. இதில் யாருக்கும் தகராறு இல்லை. எப்படி வென்றது என்பதில்தான் தகராறெல்லாம்.

முதல் ஆட்டத்தின் 44-வது நகர்த்தலைப் பாருங்கள். தோற்கும் நிலையில் இருந்த டீப் ப்ளூ யானையை டி1 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தது. எதற்கென்றே புரியாது. காஸ்பரோவ் ஒரு சிப்பாயை முன்னால் தள்ளினார், ஆட்டம் முடிந்தது. மற்ற வழியில் போனால் 20 நகர்த்தலுக்கு அப்பால் மேட் விழுவதை, அதாவது தன் ராஜா தப்ப வழியில்லாமல் மாட்டுவதை, டீப் ப்ளூ கணக்குப் போட்டுவிட்டது என்பது காஸ்பரோவ் தரப்பின் ஊகம். அதை உருவாக்கிய ஃபெங்-ஷியுங் ஷூவோ, நிரலில் இருந்த பிழையால் ஏதோ ஒரு நகர்த்தலை ஆடிவிட்டது என்கிறார். இதில் நான் ஷூ பக்கம். தன் இயந்திரத்தில் பிழை என்று ஒப்புக்கொள்வதில் அவருக்கு என்ன லாபம்? ஆனால் அந்தப் பிழையால் மிரண்டுதான் காஸ்பரோவ் போட்டியையே விட்டார் என்று பிறகு ஒரு கதை கிளம்பியது. அது கொஞ்சம் அதிகப்படியாகவே அழகாக இருக்கிறது.

இரண்டாம் ஆட்டம்தான் உண்மையான சிக்கல். 36-வது நகர்த்தலில் டீப் ப்ளூ ராணியை உள்ளே நுழைத்துச் சிப்பாய்களை அள்ளும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது அள்ளவில்லை. அடுத்த நகர்த்தலில் பிஷப்பை இ4-ல் வைத்து எதிராளியின் வழியை அடைத்தது. இது மனித மூளை என்று சந்தேகப்பட்ட காஸ்பரோவ், அதை 1986 கால்பந்து உலகக் கோப்பையில் மாரடோனா கையால் போட்ட கோலோடு ஒப்பிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட நிலையில், எதிராளியின் ராஜாவுக்குத் தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்ய வழி இருந்தது என்று ஆட்டம் முடிந்ததும் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு ஆழமாக ஆடிய இயந்திரம் இதை எப்படிக் கோட்டைவிடும் என்பது காஸ்பரோவின் கேள்வி. உள்ளே ஒரு கிராண்ட்மாஸ்டர், அதாவது செஸ்ஸில் உயர்ந்த பட்டம் பெற்ற ஆட்டக்காரர், இருந்து நகர்த்தலைச் சொல்லியிருந்தால் அவர் கோட்டைவிட்டிருப்பாரா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒரே நகர்த்தல், இரண்டு கட்சிக்கும் சாட்சி!

டீப் ப்ளூ ஒவ்வொரு நகர்த்தலுக்கும் என்ன கணக்குப் போட்டது என்று காட்டும் பதிவுகளை ஐபிஎம் அப்போதே கொடுக்காமல் பிறகுதான் இணையத்தில் போட்டது. சந்தேகம் வளர்ந்ததற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம். காஸ்பரோவே 2017-ல் எழுதிய புத்தகத்தில், இன்றைய செஸ் நிரல்களை வைத்து ஆட்டங்களை மறுபடி அலசிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார். அதனால் அவருடைய 1997 பேச்சையும் 2017 எழுத்தையும் ஒரே ஆளின் ஒரே சாட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், கடைசி ஆட்டத்தில் டீப் ப்ளூ குதிரையைப் பலி கொடுத்ததே, அது சொந்தக் கணக்கே இல்லை. அந்த நகர்த்தலை அன்று காலையில்தான் அதற்குள் ஏற்றினோம் என்று ஐபிஎம் குழுவில் இருந்த கிராண்ட்மாஸ்டர் மிகெல் இயேஸ்காஸ் 2009-ல் சொன்னார். 12 வருடம் கழித்து.